அட்டையில் இடமில்லாதவை
கோயில் சிற்பங்களைப் படமெடுத்து ஆவணப்படுத்தும் வேலையில் சில வருடங்கள் இருந்தேன். புகைப்படக்காரருக்கு எடுபிடியாக இருக்க வேண்டும், கூடவே ஒவ்வொரு சிற்பத்துக்கும் ஒரு பதிவு அட்டை எழுத வேண்டும். அட்டையில் கட்டம் கட்டமாகக் கேட்டிருப்பார்கள்: பெயர், எந்தச் சுவர், நின்ற கோலமா அமர்ந்த கோலமா, எத்தனை கை, கையில் என்ன, தலையில் என்ன மகுடம், எங்கே உடைந்திருக்கிறது.

ஆரம்பத்தில் அந்த அட்டை பெரிய துணை. ஜடாமகுடம், பின்கைகளில் மானும் மழுவும் என்றால் சிவன். கிரீட மகுடம், சங்கு சக்கரம் என்றால் பெருமாள். சோழர் காலத்துச் சிவன் கோயிலில் தெற்குக் கோஷ்டத்தில் (சிலை நிற்கும் சுவர்மாடம்) தட்சிணாமூர்த்தி, மேற்கே பெரும்பாலும் லிங்கோத்பவர், வடக்கே பிரம்மா என்று இடத்தை வைத்தே பாதி அட்டையை நிரப்பிவிடலாம். வாயிற்காவலருக்கு இரண்டே கை, மனித முகம் என்றால் பல்லவர் பக்கம் யோசிக்கலாம். நான்கு கை, கோரைப்பல், மிரட்டும் விரல் என்று வந்தால் சோழர். இதெல்லாம் சீக்கிரமே பிடிபட்டுவிடும், பிடிபட்டதும் என்ன ஆகிறது என்றால் பார்ப்பது நின்றுபோகிறது. பெயர் தெரிந்த நிமிடமே கண் அடுத்த கோஷ்டத்துக்குத் தாவிவிடுகிறது. கோயில்களில் இன்றும் பலர் "இது யாரு?" என்று கேட்டு, பதில் வந்ததும் நகர்ந்துவிடுகிறார்கள்.

என்னை நிற்கவைத்தவர் அந்தப் புகைப்படக்கார அண்ணன். அவர் வெயிலுக்காகக் காத்திருப்பார். "நேரா வெளிச்சம் அடிச்சா கல்லு தட்டையாயிடும் தம்பி, பக்கத்துலேர்ந்து வரட்டும்" என்பார். முன்னாலிருந்து ஃபிளாஷ் அடித்தால் நிழலே இருக்காது, நிழல் இல்லையென்றால் புடைப்பும் தெரியாது. வெளிச்சம் சுவரை உரசிக்கொண்டு வரும்போதுதான் உதட்டோரமும் வயிற்றின் லேசான மடிப்பும் எழுந்து வரும். கிழக்கு பார்த்த கோயிலில் தெற்குச் சுவருக்கு மார்கழி, தை மாதங்களில் வெயில் தாராளம், அதே மாதங்களில் வடக்குச் சுவர் நாள் முழுக்க நிழலில்தான் கிடக்கும், அதற்கு வைகாசி, ஆனி வரை பொறுக்க வேண்டும். அப்படிக் காத்திருக்கும்போது செய்வதற்கு வேறு வேலை கிடையாது. கல்லையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

அப்போது பழகியதுதான், உடம்பின் எடை எந்தக் காலில் இருக்கிறது என்று முதலில் பார்ப்பது. எந்தப் பக்கம் இடுப்பு ஏறியிருக்கிறது, அதற்கு ஈடுகொடுத்துத் தோள் எங்கே இறங்கியிருக்கிறது என்று பார்த்தாலே, சிற்பி சாத்திரத்தின் அளவுகளை மட்டும் எடுத்துவைத்தானா, இல்லை நிற்கும் மனிதர்களைக் கவனித்திருக்கிறானா என்று ஓரளவு சொல்லிவிடலாம். ஆள் இல்லாத நேரத்தில் நானே அப்படி நின்று பார்ப்பேன் (ஆள் இருந்தால் செய்யாதீர்கள்).

கங்கைகொண்ட சோழபுரத்தில் வடக்கு வாயில் படிகளுக்குப் பக்கத்தில் இருக்கும் சண்டேச அனுக்கிரகமூர்த்தியை, அதாவது சண்டேசர் என்ற அடியாருக்கு அருளும் சிவனை, எடுத்துக்கொள்ளுங்கள். சிவன் தன் முன்கைகளால் சண்டேசர் தலையில் பூமாலையைச் சுற்றுகிறார், அவர் கைகூப்பித் தலை தாழ்த்தி உட்கார்ந்திருக்கிறார். இது கோயிலைக் கட்டிய ராஜேந்திர சோழனுக்கே முடிசூட்டுவது போல் செய்தது என்று ஒரு கருத்து உண்டு, இருக்கட்டும். எனக்கு அந்தக் குனிந்த கழுத்து போதும். மாலையின் பாரம் அந்தக் கழுத்தில் இறங்குவது தெரிகிறது.

தஞ்சாவூர் பக்கத்துப் புள்ளமங்கைக் கோயிலில் நேர்மாறு, எல்லாம் சின்னஞ்சிறியவை. சுவருக்கு அடியில், அதிஷ்டானம் என்ற அடிப்பீடத்தில், உள்ளங்கை அளவுக் கட்டங்களில் ராமாயணக் காட்சிகள். குந்தி உட்கார்ந்தால் ஒழியத் தெரியாது, நின்றபடியே சுற்றிவருகிறவர்கள் தவறவிட்டுவிடுவார்கள். மாமல்லபுரத்து அர்ச்சுனன் தபசிலும் இதே கதைதான், எல்லோரும் தவம் செய்யும் பூனையைப் படமெடுக்கிறார்கள், பின்காலைத் தூக்கி மூக்கைச் சொறியும் மானை ஏனோ விட்டுவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் அந்த மான்தான் மேல்.

ஆனால் நான் அதிக நேரம் நின்றது கும்பகோணம் நாகேஸ்வரன் கோயிலில். 9ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி வேலை என்கிறார்கள். அங்கே சில கோஷ்டங்களில் ஆணும் பெண்ணுமாக, கிட்டத்தட்ட ஆளுயரத்தில், சுவரிலிருந்து முக்கால்வாசி வெளியே வந்து நிற்கிறவர்கள் யார் என்பது இன்னும் முடிவாகவில்லை. அரச குடும்பம் என்பார்கள், ராமாயணப் பாத்திரங்கள் என்பார்கள். கையில் ஆயுதம் இல்லை, நான்கு கை இல்லை, அட்டையின் கட்டங்களால் அவர்களை ஒன்றும் செய்ய முடியவில்லை. பெயர் கிடைக்காததால் முகத்தைப் பார்க்க வேண்டியதாயிற்று. ஒருத்திக்கும் அடுத்தவளுக்கும் முகம் வேறு, சிரிப்பும் வேறு.

பெயர்க் கட்டத்தில் "உறுதியில்லை" என்று எழுதி, குறிப்புக் கட்டத்தில் அந்தச் சிரிப்பைப் பற்றி நாலு வரி எழுதினேன். அலுவலகத்தில் அதை அடித்துவிட்டார்கள், குறிப்பில் அளவும் சிதைவும் போதுமாம். சரி, அவர்கள் சொல்வதும் நியாயம்தான், ஆவணத்தில் என் ரசனைக்கு என்ன வேலை. அதற்கென்று தனியாக ஒரு நோட்டு வாங்கிக்கொண்டேன்.