மணலுக்குள் தண்ணீர்: மக்குவேனி நாட்குறிப்பு

அக்டோபர் 3, 2019, வியாழன்

கென்யா. நைரோபியில் ரயில் ஏறி எமாலியில் இறங்கினேன். 2017இல் ஓடத் தொடங்கிய மொம்பாசா ரயில். அங்கிருந்து மக்குவேனியின் தலைநகர் வோட்டே வரை மட்டாட்டு வேன். நம்மூர் மினிபஸ்ஸில் போய்ப் பழகியவர்களுக்கு நெரிசல் புதிதாக இருக்காது. கடைசிக் கொஞ்சம் தூரம் மோட்டார் பைக்கில், செம்மண் புழுதியோடு.

இரவு இஸ்யோ போட்டார்கள். மக்காச்சோளமும் முழுத் துவரையும் சேர்த்து வேகவைத்தது. சாம்பாரில் கரைந்த துவரையே பழகிய நாக்கு முதலில் முரண்டு பிடித்தது. அப்புறம் இரண்டாம் தட்டும் கேட்டு வாங்கினேன். வீட்டுக்கார அம்மாவை "மாமா" என்று கூப்பிட வேண்டும். சுவாஹிலியில் மாமா என்றால் அம்மா. எனக்கு வாய் கூசுகிறது.

மாமா கேட்ட முதல் கேள்வியே, "உங்கள் ஆட்கள் ஏன் துவரை வாங்குவதைக் குறைத்துவிட்டார்கள்?" என்பதுதான். 2017 ஆகஸ்டில், ஆண்டுக்கு 2 லட்சம் டன் துவரைதான் இறக்குமதி செய்யலாம் என்று இந்தியா வரம்பு வைத்தது. அப்போது நம் வீட்டில் பருப்பு மலிந்ததைப் பற்றிச் சந்தோஷப்பட்டது ஞாபகம் வந்தது. பதில் சொல்லவில்லை.

அக்டோபர் 5, சனி

பாழாய்ப்போன ஒரு மணல் அணையைப் பார்த்துவிட்டு வந்தேன். கட்டியது யார் என்று எழுதப்போவதில்லை. பெயர்ப்பலகை மட்டும் நன்றாக நிற்கிறது.

மணல் அணை விஷயம் எளிமையானது. மழைக்காலத்தில் மட்டும் ஓடும் ஆற்றின் குறுக்கே, அடிப்பாறை தட்டுப்படும் இடத்தில் சுவர் எழுப்புவார்கள். வெள்ளம் கொண்டுவரும் மணல் சுவருக்குப் பின்னால் சேரும். மணல் துகள்களுக்கு இடையில் தண்ணீர் நிற்கும். வெயில் அவ்வளவாக உறிஞ்சாது, கொசு முட்டையிடாது. கோடையில் தோண்டினால் ஊறும். காய்ந்த ஆற்றில் ஊற்று தோண்டிக் குடித்த நமக்கு இதை விளக்கவே வேண்டாம்.

ஆனால் இந்த அணைக்குப் பின்னால் இருப்பது மணல் இல்லை, கறுப்புச் சேறு. சேறு தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும், விடாது. மேட்டில் இருப்பது களிமண் காடு. போதாக்குறைக்கு, சுவரை ஒரே மூச்சில் முழு உயரத்துக்கும் ஏற்றியிருக்கிறார்கள். படிப்படியாக உயர்த்தியிருந்தால் கனமான மணல் தங்கி, சேறு சுவரைத் தாண்டிப் போயிருக்கும். இதை எனக்குச் சொன்னது மாமா. அவர் பள்ளிக்கூடம் போனது நான்கு வருடம். நான் இதற்காகவே படித்தவன்.

அக்டோபர் 8, செவ்வாய்

ம்வேத்யா நாள். புதிதாக ஒரு மணல் அணை எழுப்புகிறார்கள். ம்வேத்யா என்றால் ஊர்கூடிச் செய்யும் வேலை. இந்தப் பகுதியின் காம்பா இன மக்களுடைய பழைய வழக்கம். சிமெண்டும் கம்பியும் வெளியிலிருந்து வரும். கல், மணல், தண்ணீர், உழைப்பு எல்லாம் குழுவுடையது.

இருபத்தேழு பேரில் ஆண்கள் நான்கு. மற்ற ஆண்கள் நைரோபியிலோ மொம்பாசாவிலோ. பெண்கள் வரிசையாக நின்று கல்லைக் கைமாற்றினார்கள். பாட்டு ஒருவர் எடுக்க, மற்றவர்கள் தொடர்ந்தார்கள். நானும் வரிசையில் நின்றேன். ஒரு மணி நேரத்தில் என்னைத் தண்ணீர் ஊற்றும் வேலைக்கு மாற்றினார்கள். மரியாதையாகத்தான்.

சரிவெல்லாம் மேடைமேடையாக வயல். வாய்க்கால் வெட்டி, மண்ணை மேல்பக்கம் எறிந்து வரப்பு போடுவதற்கு ஃபான்யா ஜூ என்று பெயர். ஆங்கிலேயர் காலத்தில் மண்காப்பு வேலையைக் கட்டாயமாக வாங்கியபோது இந்த மக்கள் முகம் சுளித்தார்கள். 1938இல் அந்த அரசு மண் அரிப்பைக் காரணம் காட்டி மாடுகளைப் பிடுங்கியபோது முயிந்தி ம்பிங்கு தலைமையில் நைரோபிக்கே போய் உட்கார்ந்தார்கள். அதே மக்கள் பிறகு தாங்களாகவே மலைமலையாக வரப்பு போட்டிருக்கிறார்கள். தன் நிலத்துக்குத் தானே வெட்டும்போது கை வலிப்பது வேறு மாதிரி போலிருக்கிறது.

வேலை முடிந்ததும் பொருளாளர் நோட்டைத் திறந்து பெயர் வாசித்தார். வராதவர்களுக்கு 100 ஷில்லிங் அபராதம். கடைசியில் "முஹிந்தி" என்றார். இந்தியன். அது நான்தான். "வந்திருக்கிறேன்" என்றேன்.

அக்டோபர் 11, வெள்ளி

மாமாவின் மகன் எம்-பெசாவில் பணம் அனுப்பினான். 2007இல் வந்த இந்தச் செல்பேசிப் பணம் இல்லாமல் இங்கே உரம்கூட வாங்க முடியாது. பெசா என்றால் நம் பைசாதான். கடைக்கு துக்கா, வண்டிக்கு காரி. கடல் தாண்டி வந்த சொற்கள்.

அக்டோபர் 15, செவ்வாய்

அறிக்கை அனுப்ப வோட்டே போய்விட்டேன். திரும்பும் வழியில் மழை. சும்மா மழை இல்லை.

அக்டோபர் 16, புதன்

ஆறு வந்துவிட்டது. இதுவரை எழுப்பிய இரண்டடிச் சுவர் மேல் பழுப்பு நிறத்தில் ஓடுகிறது. கரையில் எல்லோரும் நிற்கிறோம். சுவர் நிற்கிறதா என்று கண்ணுக்குத் தெரியாது. மாமா தண்ணீரின் சத்தத்தை வைத்து "நிற்கிறது" என்கிறார்.

அக்டோபர் 19, சனி

தண்ணீர் வடிந்தது. சுவர் இருக்கிறது. பின்னால் கணுக்கால் அளவு மணல். மாமா ஒரு பிடி எடுத்து விரலால் தேய்த்து, எனக்கும் கொடுத்தார். கரகரவென்று இருந்தது.

பொருளாளர் நோட்டோடு வந்தார். "முஹிந்தி, செவ்வாய் வரவில்லை." மழை, அறிக்கை என்று இழுத்தேன். அவர் பேனாவை எடுக்கவே இல்லை, என் செல்பேசியைப் பார்த்தபடி நின்றார். 100 ஷில்லிங் எம்-பெசாவில் போட்டேன். அவர் செல்பேசி ஒலித்த பிறகுதான் எழுதினார்.