படியில்லாத சிற்ப மண்டபம்

கட்டடக் கலைஞராக நான் வரைந்த பொதுக் கட்டடங்களில், ஒரு நகராட்சிப் பூங்காவுக்கான சிறிய சிற்ப மண்டபமே என்னை அதிகம் யோசிக்க வைத்தது. மாமல்லபுரத்துப் பட்டறைகளில் செதுக்கிய கருங்கற் சிற்பங்களைச் சக்கர நாற்காலியில் வருபவரும் பார்வையற்றவரும் மற்றவர்களோடு சேர்ந்தே காண வேண்டும் என்பதுதான் எங்களுக்குத் தரப்பட்ட பணி.

நம் கோயில் மண்டபங்கள் அதிட்டானம் எனப்படும் உயர்ந்த அடிப்பீடத்தின் மீது நிற்பவை. ஆகவே இங்கும் முன்புறம் படிகளும் பக்கவாட்டில் ஒரு சாய்தளமும் இருந்தால் போதும் என்றே பலரும் எண்ணினார்கள். மழைநீர் தேங்கும் நிலம் என்பதால் தளத்தை 450 மி.மீ. உயர்த்தியாக வேண்டும், வழிகாட்டு விதிகள் ஏற்கும் 1:12 சரிவில், அதாவது 12 மீட்டர் நீளத்துக்கு ஒரு மீட்டர் உயரும் சரிவில், அதற்கு 5.4 மீட்டர் சாய்தளம் போதும். ஆனால் அப்படிச் செய்வது, குடும்பத்தோடு வந்த ஒருவரை மட்டும் பிரித்துப் பக்க வழியாக அனுப்புவதாகும் என்று எனக்குப் பட்டது. எனவே படிகளை அறவே விட்டுவிட்டு, பூங்காப் பாதையையே 1:20 சரிவில் 9 மீட்டர் தூரத்துக்கு மெல்ல உயர்த்தி, இருபுறமும் மண் நிரப்பிப் புல் பதித்து, எல்லோருக்கும் அது ஒன்றே வழி என்று அமைத்தோம்.

சிற்பத்தைச் சுற்றி வந்துதான் பார்க்க வேண்டும். ஒவ்வொரு பீடத்தைச் சுற்றியும் 1.5 மீட்டர் இடம் விட்டதால், சக்கர நாற்காலி எந்தப் பக்கத்திலும் நின்று திரும்ப முடிகிறது. பீடத்தின் உயரத்தையும் 450 மி.மீட்டருக்குக் குறைத்தோம், அதன்மேல் 900 மி.மீ. சிலையை வைத்தால், அமர்ந்திருப்பவரின் கண்மட்டத்துக்குச் சிலையின் முகம் வந்துவிடும், கையும் எட்டும்.

கை எட்டுவது முக்கியம். தில்லி தேசிய அருங்காட்சியகத்தில் 2015இல் திறந்த 'அனுபவ்' கூடத்தில், பார்வையற்றவர்கள் தொட்டு அறிவதற்கென்றே சிற்பங்களின் பிரதிகளை வைத்திருக்கிறார்கள். எங்களுடையவை புதிய கருங்கற் சிற்பங்கள் என்பதால் மூலத்தையே தொட விடலாம் என்று வாதிட்டேன். உளியின் தடத்தை விரல் உணராவிட்டால் அவர்களுக்கு அங்கே என்ன இருக்கிறது?

ஆனால் சித்திரை வெயிலில் காய்ந்த கல்லின் மேல் யாரும் கை வைக்க முடியாது. நெதர்லாந்தின் சான்ஸ்பீக் பூங்காவில் சிறு சிற்பங்களுக்காகக் கட்டடக் கலைஞர் கெரிட் ரீட்வெல்ட் 1955இல் அமைத்த மண்டபம் உள்ளும் வெளியும் ஒன்றாகக் கலந்தது. நான் மிகவும் மதிக்கும் வடிவமைப்பு அது. எனினும் அந்தத் திறந்த அமைப்பு நம் ஊர் மேற்கு வெயிலுக்கு ஒத்துவராது என்பதால், மேற்குப் பக்கம் கூரையின் விளிம்பான இறவாணத்தைத் தாழ இறக்கித் துளைச் சுவர் எழுப்பினோம்.

தரைக்கு மெருகேற்றிய கல்லைத் தவிர்த்தோம். மழையில் அது வழுக்கும். பீடத்தைச் சுற்றி மட்டும் கொத்திய சொரசொரப்பான கல்லைப் பட்டையாகப் பதித்தோம். வெள்ளைக் கோல் அதில் பட்டதும் சிலை அருகில் இருப்பது தெரிந்துவிடும்.

இத்தனைக்குப் பிறகும், இருசக்கர வாகனங்களைத் தடுக்கப் பூங்கா வாசலில் நெருக்கமாக இரும்புக் குழாய்களை நடும் வழக்கம் எல்லாவற்றையும் வீணாக்கிவிடக்கூடும். சக்கர நாற்காலி நுழையும் இடைவெளியில் வண்டியும் நுழையும். ஆகவே அங்கே குழாய் வேண்டாம், காவலர் ஒருவரை நியமியுங்கள் என்று வரைபடத்தோடு தனிக் குறிப்பாகவே எழுதிக் கொடுத்தேன்.