ஐம்பதினாயிரம் பேருக்கு எத்தனை ரோல்ஸ்?

என் அக்காவின் மகனை இன்ஸ்டகிராமில் பின்தொடர்பவர்கள் ஐம்பதினாயிரத்தைத் தொட்டுவிட்டார்கள் என்ற செய்தி, பல்கலைக்கழக அனுமதி கிடைத்த செய்தியைப் போல எங்கள் உறவினர் வீடுகள் அனைத்துக்கும் அறிவிக்கப்பட்டது. கோணேசர் கோயிலுக்குப் போகும் வழியில் பிரெட்ரிக் கோட்டைக்குள் திரியும் புள்ளிமான்களுள் ஒன்று, உல்லாசப் பயணி ஒருவரின் தோள்பைக்குள் தலையை விட்டு வாழைப்பழச் சீப்பை உருவிக்கொண்டு ஓடியதை அவன் தற்செயலாகப் படம்பிடித்ததால்தான் அவர்களில் பெரும்பாலானோர் வந்தார்கள் என்பதை மட்டும் எவரும் பேசவில்லை. கோட்டையின் வரலாற்றை அவனே நின்று விளக்கிய காணொளிகளை முந்நூறு பேர் பார்த்திருந்தால் அதிகம்.

இதைக் கொண்டாட, கோட்டை வாசலுக்கு அருகில் ரசிகர் சந்திப்பு ஒன்று நடைபெறும் என்று அவன் அறிவித்தான். அக்கா உடனே கணக்கில் இறங்கினார்.

"நூற்றுக்கு ஒராள் வந்தாலும் ஐந்நூறு பேர். அவ்வளவு பேரையும் வெறும் வயிற்றோட அனுப்ப ஏலுமே?"

அத்தான் கச்சேரியில் எழுதுவினைஞராக இருந்து ஓய்வுபெற்றவர். எந்த எண்ணைக் கண்டாலும் அதற்குப் பற்றுச்சீட்டு கேட்பவர். இவர்களில் திருகோணமலையில் இருப்பவர்கள் எத்தனை பேர் என்று அவர் விசாரித்தார். மருமகன் செயலியைத் திறந்து, பின்தொடர்பவர்களின் நகரங்களைக் காட்டும் பக்கத்தை எடுத்தான். சென்னை, ரொறன்ரோ, கொழும்பு, இலண்டன், சாவோ பாவ்லோ என்று நகரங்கள் வரிசையாக நின்றன. எங்கள் ஊரைக் காணவில்லை. பிரேசில்காரர்கள் மானுக்காக வந்தவர்கள் என்பதை அவனே ஒப்புக்கொண்டான்.

என் பங்குக்கு நானும் சிலவற்றை எடுத்துரைத்தேன். 2014 டிசம்பரில் இன்ஸ்டகிராம் போலிக் கணக்குகளைத் துடைத்தெறிந்தபோது, அந்த நிறுவனத்தின் சொந்தக் கணக்கிலேயே ஒரு கோடியே எண்பது இலட்சத்துக்கும் மேற்பட்டோர் காணாமற்போனார்கள் என்றும், 2018 ஜூலையில் ட்விட்டர் முடக்கப்பட்ட கணக்குகளைக் கழித்தபோது பராக் ஒபாமாவுக்கே இருபது இலட்சத்துக்கு மேல் குறைந்தது என்றும் கூறினேன்.

"ஒபாமா ரோல்ஸுக்கு ஓடர் குடுத்திருந்தவரே?" என்று அக்கா கேட்டார்.

அதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. ஒரு மனிதரால் ஏறத்தாழ 150 பேருடன்தான் நிலையான உறவைப் பேண முடியும் என்று 1990களின் தொடக்கத்தில் றொபின் டன்பார் என்ற பிரித்தானிய அறிஞர் கணித்ததை விளக்க முற்பட்டேன். அக்காவின் காதில் எண் மட்டுமே விழுந்தது. அந்த நிமிடமே பேக்கரிக்குத் தொலைபேசி எடுத்து, நூற்றைம்பது மரக்கறி ரோல்ஸுக்குச் சொல்லிவிட்டார். மானிடவியல் எங்கள் வீட்டில் இவ்வாறு நடைமுறைக்கு வந்தது.

பின்தொடர்பவர் அனைவருக்கும் ஒரு பதிவு போய்ச் சேர்வதில்லை என்பதை அக்காவுக்குப் புரியவைப்பதும் இலகுவாக இல்லை. ஒருவர் முன்பு எதில் நின்று பார்த்தார் என்பதைக் கொண்டு, இனி அவருக்கு எதைக் காட்டுவது என்று செயலியே முடிவு செய்கிறது. மானைப் பார்க்க வந்தவர்களுக்கு மருமகனின் முகம் தெரிய வேண்டிய அவசியம் அதற்கு இல்லை. அறிவிப்பின் கீழே சிவப்பு இதயங்கள் ஓரளவு விழுந்திருந்தன. வார்த்தையாக வந்த ஒரேயொரு கேள்வி, "மான் வருமா?" என்பதாகும்.

மான் வந்தது. உண்மையில் மான்கள்தாம் நேரத்துக்கு வந்தன. அவற்றைத் தவிர, அவனுடன் படித்த நான்கு பையன்கள் வந்தார்கள். அவர்களில் ஒருவன் தன் சார்ஜரைத் திருப்பி வாங்கிக்கொள்ள வந்தவன். எண்ணெய்ப் பண்டம் மானுக்கு ஆகாது என்று அத்தான் குடையை விரித்துக் காவல் நின்றபோதும், ஒரு கிளைமான் பின்புறமாக வந்து கடதாசிப் பெட்டிக்குள் முகத்தை நுழைத்து, ரோல்ஸ் தூள் ஒட்டிய மூக்கோடு நிமிர்ந்து பலமாகத் தும்மியது. பையன்கள் நால்வரும் அதைப் படம்பிடித்தார்கள்.

சற்று நேரத்தில் ஒரு முதியவர் சைக்கிளில் வந்து இறங்கினார். கையில் ஒரு கொப்பி இருந்தது.

"தம்பி, கோட்டையை ஆங்கிலேயர் கட்டினதெண்டு நாலாவது வீடியோவில சொல்லுறீர். 1620களில கோணேசர் கோயிலை இடிச்சு அந்தக் கல்லையும் வைச்சுக் கட்டினது போர்த்துக்கேயர். ஒல்லாந்தர் பிறகு திருத்தினவை. ஆங்கிலேயர் 1795இல பிடிச்சு, 1803இல பிரெட்ரிக் எண்டு பெயர் வைச்சதோட சரி."

கொப்பியில் இவ்வாறான திருத்தங்கள் பக்கக் கணக்கில் இருந்தன. முந்நூறு பேர் மட்டும் பார்த்த காணொளிகளை இறுதிவரை பார்த்தால் அன்றி அவற்றை எழுதியிருக்க முடியாது. மருமகன் மகிழ்ந்துபோய், "ஐயா, உங்கட கணக்கு எது?" என்று கேட்டான். அவருக்குக் கணக்கே இல்லை. பேத்தி ரியூஷனுக்குப் போகும் நேரத்தில், வீட்டில் வைத்துவிட்டுப் போகும் அவளுடைய போனில் பார்க்கிறாராம். அத்தான் குடையைச் சுருக்கி அவருக்குக் கதிரையை நகர்த்திக் கொடுத்தார். இருவரும் பொழுதுபடும்வரை தேதிகளைச் சரிபார்த்தார்கள். மிஞ்சிய ரோல்ஸை அக்கா ஓட்டோ தரிப்பிடத்தில் பகிர்ந்தளித்தார்.

திருத்திய காணொளி பிறகு வெளியானது. அதில் மான் இல்லாததாலோ என்னவோ, பின்தொடர்பவர்களில் இருநூறு பேர் குறைந்தார்கள். ஐயா மட்டும் தொலைபேசியில் அழைத்து, 1803ஐ மருமகன் 1830 என்று வாசித்துவிட்டதாகத் தெரிவித்தார்.