மேடே இல்லாத ஊரில் அம்மாவோடு ஆறு நாள்

பெப்ரவரியில் இலங்கை மலையகத்து ஹட்டன் பஸ் தரிப்பிடம் முழுக்க மலையேறுகிறவர்கள்தான். சிவனொளிபாதமலைப் பருவகாலம். கம்பளித் தொப்பியோடு நல்லதண்ணிக்குப் போகிற கூட்டத்தை விலக்கிக்கொண்டு நானும் அம்மாவும் கொழும்பு பஸ்ஸில் ஏறினோம். அம்மா முப்பது வருஷம் தேயிலைக் கொழுந்து எடுத்தவர். கடலை இதற்கு முன் பார்த்தது இரண்டே தடவை, இரண்டும் காலிமுகத்திடலில், கரையில் நின்றபடி. மாலைதீவில் மாஃபுஷி என்ற தீவில் ஒரு விடுதிச் சமையலறையில் தம்பி வேலை செய்கிறான். "அம்மாவக் கூட்டிட்டு வாக்கா, டிக்கெட் நான் போடுறேன்" என்று ஒரு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தான்.

ஹட்டன் ஏறக்குறைய 1,270 மீற்றர் உயரம். கினிகத்தேனை தாண்டி கித்துல்கல பக்கம் இறங்கும்போது காது அடைக்கும். எச்சிலை விழுங்கினால் திறந்துவிடும். எங்கள் பிள்ளைகளுக்கு இது சின்ன வயதிலேயே பழக்கம். கடலுக்கு அடியில் இந்தப் பழக்கம் கைகொடுக்கும் என்று அன்று நினைக்கவில்லை.

கட்டுநாயக்க விமான நிலையத்திலிருந்து மாலைதீவின் தலைநகர் மாலேக்கு ஒன்றரை மணி நேரப் பறப்பு. நம் இலங்கைக் கடவுச்சீட்டுக்கு முன்கூட்டியே விசா எடுக்க வேண்டியதில்லை. இறங்கியதும் 30 நாள் அனுமதி தருகிறார்கள். திரும்பும் டிக்கெட்டும் தங்குமிடப் பதிவும் கையில் இருக்க வேண்டும், பயணத்துக்கு முந்தைய 96 மணி நேரத்துக்குள் இமுகா என்ற இணையப் படிவத்தையும் நிரப்ப வேண்டும். மாலே விமான நிலையமே ஒரு தீவு. வாசலில் டாக்ஸி நிற்கிற இடத்தில் படகுகள் நிற்கின்றன! நாங்கள் போனது வெள்ளிக்கிழமை. அன்றைக்கு மலிவான பொதுப் படகு ஓடாது, அதனால் ஸ்பீட் போட்டுக்குக் கூடுதலாகக் கொடுத்தோம். நீங்கள் வேறு நாள் பாருங்கள்.

மாஃபுஷி சொகுசு ரிசார்ட் தீவு அல்ல, ஊர் மக்கள் குடியிருக்கும் தீவு. மது கிடையாது. நீச்சல் உடைக்குத் தனியாக ஒரு கடற்கரை ஒதுக்கியிருக்கிறார்கள், மற்ற இடங்களில் உடம்பை மூடித்தான் நடக்க வேண்டும். அம்மாவுக்கு அது பெரிய நிம்மதியாக இருந்தது. முதல் நாள் மாலையே தீவைச் சுற்றி நடந்துவிட்டு வந்து, "என்னா புள்ள, மேடே இல்லையே!" என்றார். உண்மைதான். அந்த நாட்டின் ஏறக்குறைய 1,200 தீவுகளிலும் இயற்கையான மிக உயர்ந்த இடமே 2.4 மீற்றர்தான். "கடல் பொங்குனா எங்க ஓடுவாங்க?" என்று அம்மா கேட்டபோது எனக்குப் பதில் வரவில்லை. மழை ராத்திரியில் லயத்துக்கு, அதாவது எங்கள் தோட்டத்து வரிசை வீடுகளுக்கு, மேலே இருக்கிற மண் சரியுமோ என்று விழித்திருப்பவர்கள் நாங்கள். அந்தப் பயம் அம்மாவுக்கு உடனே புரிந்தது.

மறுநாள் காலை தம்பி தட்டைக் கொண்டுவந்து வைத்தான். துருவிய தேங்காய், சின்னதாக நறுக்கிய வெங்காயம், பச்சை மிளகாய், தேசிக்காய்ப் புளி, உதிர்த்த சூரை மீன். கூடவே மெல்லிய ரொட்டி. மஸ் ஹுனி என்கிறார்கள், ரொட்டிக்கு ரொஷி என்று பெயர். அம்மா ஒரு வாய் வைத்ததும், "நம்ம சம்பல்தானே இது" என்றார். நம் வீட்டுச் சம்பலில் இடித்துப் போடுகிற மாசி இந்தக் கடலுக்கே உரியது. சூரையைத் தூண்டிலில் பிடித்து, அவித்து, புகை போட்டு, கட்டை மாதிரி ஆகும்வரை வெயிலில் காய வைக்கிறார்கள். படகுக்கு அவர்கள் சொல்கிற பேர் தோனி. நம் தோணியேதான்! தேயிலை மலையில் பிறந்து வளர்ந்த எனக்கு அந்தக் கரையில் அந்நியமாகவே இல்லை.

மூன்றாம் நாள் காற்றுச் சிலிண்டரோடு முக்குளிக்கப் பதிந்திருந்தேன். மூக்கடைப்பு இருந்ததால் பயிற்றுநர் என்னைத் தண்ணீரில் இறக்க மறுத்துவிட்டார். அப்போது அழுகையே வந்தது, ஆனால் அவர் செய்ததுதான் சரி. சளி இருந்தால் காது திறக்காது, செவிப்பறை கிழியலாம். நாலாம் நாள் மூக்கு தெளிந்ததும் இறங்கினேன். ஹட்டனிலிருந்து கொழும்பு வரை மணிக்கணக்காக இறங்கிக் காது உணர்கிற அழுத்த மாற்றம், தண்ணீருக்குள் ஒன்றரை மீற்றரிலேயே வந்துவிடுகிறது. மூக்கைப் பிடித்து மெதுவாக ஊதினேன். கித்துல்கலயில் திறக்கிற அதே மாதிரி திறந்தது. வலி வரும்வரை காத்திருக்கக் கூடாது, அடைப்பதற்கு முன்பே ஊத வேண்டும். இதுதான் முக்கியம். முதல் தடவை இறங்குகிறவர்களை 12 மீற்றருக்குக் கீழே கூட்டிப்போக மாட்டார்கள். நான் எட்டு மீற்றர் வரை போனேன்.

கீழே சத்தமே இருக்காது என்று நினைத்திருந்தேன். ஆனால் கறுக் கறுக் என்று கேட்டுக்கொண்டே இருந்தது. கிளிமீன்கள் பவளப் பாறையைச் சுரண்டித் தின்கிற சத்தம். அவை அரைத்துக் கழிக்கிறதுதான் அந்த வெள்ளை மணலில் பெரும்பங்கு என்று பயிற்றுநர் பிறகு சொன்னார். ஓர் ஆமை எங்களைக் கவனிக்காமல் மேய்ந்துகொண்டிருந்தது. பக்கத்திலேயே சாம்பல் நிறத்தில் உடைந்து கிடந்த பவளமும் நிறைய. கடல் சூடேறிய 1998இலும் 2016இலும் ஏராளமான பவளம் வெளுத்துச் செத்தது. இடையிடையே விரல் அளவில் புதிது முளைத்திருந்ததைத் தொடாமல் பார்த்துவிட்டு வந்தேன்.

அதே நேரம் அம்மா கரையோரம், மிதவைச் சட்டை போட்டு, தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு, கண்ணாடியோடு முகத்தைத் தண்ணீரில் வைத்திருக்கிறார். நிமிர்ந்ததும், "இன்னொருக்கா" என்றாராம். எத்தனை தடவை என்று தம்பி எண்ணவில்லை.

மலையகத்திலிருந்து போகிறவர்கள் ஒன்றைக் கட்டாயம் கவனியுங்கள். முக்குளித்த உடம்பில் நைட்ரஜன் கரைந்திருக்கும், அது வெளியேற நேரம் வேண்டும். விமானம் ஏறுவதற்கு முன் குறைந்தது 18 மணி நேரம் விடச் சொல்கிறார்கள். மலை ஏறுவதும் அதே கணக்குத்தான். நமக்கு விமானத்துக்குப் பிறகு ஹட்டன் ஏற்றமும் இருக்கிறது. அதனால் ஐந்தாம் நாளை முக்குளிப்பு இல்லாமல் விட்டேன்.

அந்த மாலை தோனியில் மீன்பிடிக்கப் போனோம். கம்பு இல்லை, வெறும் தூண்டில் நரம்புதான். படகுக்காரர் அதை அம்மாவின் ஆட்காட்டி விரலில் போட்டுக் காட்டினார். என் நரம்பை அசைப்பது அலையா, மீனா என்று எனக்குப் பிரித்தே அறிய முடியவில்லை. அம்மா ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருந்தார். கொழுந்து கிள்ளிக் கிள்ளிக் காய்ப்பேறிய விரல். திடீரென்று சுண்டி இழுத்தார். சிவப்பாக, முழங்கை நீளத்தில் ஒரு மீன் மேலே வந்தது.

"தம்பி, இதுல மாசி போடலாமா?"

"அதுக்கு சூரை வேணும்மா. இத சுட்டுத் திம்போம்."