விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போடும் முன்

அப்பா அம்மா இருவரும் காலமான பிறகு வீட்டை யார் பெயருக்கு மாற்றுவது என்ற பேச்சு வந்தால், பெரும்பாலும் யாராவது ஒருவர் விடுதலைப் பத்திரம் போட்டுவிடலாம் என்பார், அதாவது சொத்தில் பங்குள்ள ஒருவர் தன் பங்கை இன்னொரு பங்குதாரருக்கு விட்டுக்கொடுத்து எழுதும் பத்திரம். இரண்டு மூன்று பக்கம்தான், செலவும் குறைவு, அக்காவும் தங்கையும் பதிவு அலுவலகத்துக்கு வந்து கையெழுத்தும் கைரேகையும் வைத்தால் போதும். பத்திரம் சின்னதுதான், ஆனால் கைவிட்டுப் போவது ஒரு பெண்ணின் பாகம் முழுவதும். அதை யாரும் அவருக்கு உட்கார்ந்து படித்துக் காட்டுவதில்லை என்பது எனக்குப் பெரிய ஆற்றாமை.

ஒரு கணக்கு பார்க்கலாம். உயில் எழுதாமல் இறந்த இந்துப் பெற்றோருக்கு இரண்டு மகன்கள், ஒரு மகள். ஆளுக்கு மூன்றில் ஒரு பாகம். தங்கை "அண்ணன்களுக்கே விட்டுக்கொடுக்கிறேன்" என்று மனதில் நினைத்து, பத்திரத்தில் பெரிய அண்ணன் பெயர் மட்டும் இருந்தால், அவருக்கு மூன்றில் இரண்டு, சின்னவருக்குப் பழைய ஒன்றுதான். அதனால் யாருக்கு விடுதலை என்ற வரியை முதலில் பாருங்கள். அடுத்து தொகை. பணம் வாங்காமலே "ரொக்கம் பெற்றுக்கொண்டு" என்று எழுதியிருப்பார்கள், சும்மா சம்பிரதாயம் என்பார்கள். நாளைக்கு வழக்கு என்று வந்தால் அந்த வரிதான் பேசும்.

ஏற்கெனவே அந்தச் சொத்தில் பங்கு இருப்பவருக்குத்தான் விடுதலை எழுத முடியும் என்பதையும் பலர் கவனிப்பதில்லை. 1967-இல் உச்ச நீதிமன்றம், குப்புசாமி செட்டியார் வழக்கில், விடுதலை என்பது இருக்கிற உரிமையைப் பெருக்குமே தவிர, உரிமையே இல்லாதவருக்குப் புதிதாகக் கொடுக்காது என்று சொன்னது. பத்திரத்தின் தலைப்பு எதுவாக இருந்தாலும், உரிமையை மாற்றித் தரும் எண்ணம் அதில் தெளிவாக எழுதப்பட்டிருந்தால் அது செல்லும் என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. ஆனாலும் எண்ணத்தை நிரூபிக்க ஏன் கோர்ட்டுக்கு அலைய வேண்டும்? அண்ணன் உயிரோடு இருக்கும்போது அண்ணன் மகனுக்குக் கொடுக்க ஆசையென்றால் தானமாகவோ கிரயமாகவோ எழுதுங்கள், அதற்கான செலவு வேறு.

இன்னொன்று. அப்பா சம்பாதித்த சொத்து, அப்பாவும் இருக்கிறார், ஆனால் கல்யாணத்தில் நகை போட்டதைச் சொல்லி மகளிடம் "இனி எனக்குப் பங்கு வேண்டாம்" என்று இப்போதே எழுதி வாங்குகிறார்கள். அப்பா இருக்கும்வரை அதில் மகளுக்குப் பங்கே கிடையாது, எதிர்பார்ப்பு மட்டும்தான், சொத்துரிமை மாற்றுச் சட்டப்படி எதிர்பார்ப்பை எழுதிக் கொடுக்க முடியாது. அப்பா விரும்பினால் தான் கொடுக்க நினைப்பவருக்கு செட்டில்மென்ட் (குடும்பத்தினருக்குச் சொத்தை எழுதி வைக்கும் பத்திரம்) எழுதட்டும், தனக்கு ஆயுள் வரை அனுபவ உரிமையை வைத்துக்கொண்டே எழுதலாம். அதுதான் நேர்மையான வழி.

சரி, செலவு. தமிழ்நாட்டில் குடும்பத்துக்குள் விடுதலை என்றால் விட்டுக்கொடுக்கும் பாகத்தின் மதிப்பில் முத்திரைத்தீர்வை 1 சதவீதம், பதிவுக் கட்டணம் 1 சதவீதம். 2023 ஜூலை முதல் இவற்றுக்கு உச்சவரம்பு 40,000 ரூபாயும் 10,000 ரூபாயும். கிரயம் என்றால் இரண்டும் சேர்த்து 9 சதவீதம் போகும். இவ்வளவு குறைவாக இருந்தும் 20 ரூபாய் முத்திரைத்தாளில் எழுதி நோட்டரி முத்திரை வாங்கி பீரோவில் வைத்துவிடுகிறார்கள். 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டப்படி நூறு ரூபாய்க்கு மேற்பட்ட அசையாச் சொத்தில் உரிமையை விடுவதென்றால் பதிவு கட்டாயம். பதியாத தாள் வில்லங்கச் சான்றிதழிலும் வராது, அதை நம்பி வங்கி கடனும் தராது.

பதிவுக்கு முன்பே பத்திர எழுத்தரிடம் வரைவைக் கேட்டு வாங்கி அக்கா தங்கைக்கு அனுப்புங்கள். சர்வே எண், நான்கு எல்லை, வீட்டோடு சேர்த்துக் கிராமத்து நிலமும் விவரத்தில் நுழைந்திருக்கிறதா என்று அவர்களே பார்க்கட்டும், வேண்டுமானால் வெளி வக்கீல் ஒருவரிடம் காட்டட்டும். அப்புறம் ஒரு வாரம் யோசிக்கிறேன் என்று சொன்னால், அந்த ஒரு வாரத்தைக் கொடுங்கள்.