தாத்தாவின் பட்டாள நம்பர்: இதுவரை கிடைத்தது

பெங்களூர் அல்சூர் ஏரியைச் சுற்றி நடப்பவர்களுக்கு எம்.இ.ஜி. (மெட்ராஸ் இன்ஜினியர் குரூப் என்ற ராணுவப் பிரிவு) மதில் நன்றாகத் தெரியும். அம்மாவின் அப்பா அந்த மதிலுக்குள் பயிற்சி எடுத்துத்தான் இரண்டாம் உலகப்போருக்குப் போனார். "உங்க தாத்தா பர்மா சண்டைக்குப் போனவர்" என்பார்கள். அதற்கு மேல் வீட்டில் யாருக்கும் ஒரு வரிகூடத் தெரியாது. போன தீபாவளிக்கு அப்புறம் தேட ஆரம்பித்தேன். அந்தப் பிரிவுக்கு மெட்ராஸ் சேப்பர்ஸ் என்றும் பெயர்; சேப்பர் என்றால் பாதை போடுவது, கண்ணிவெடி எடுப்பது போன்ற வேலை செய்யும் சிப்பாய். அதில் தாத்தாவோ கொள்ளுத்தாத்தாவோ இருந்த தமிழ்க் குடும்பங்கள் பெங்களூரில் நிறைய உண்டு. அவர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன்.

முதல் மாதம் பலனில்லை. காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் பட்டியலில் தினமும் ராத்திரி தேடினேன். அதில் இருக்கும் 17 லட்சம் பேரும் இரண்டு உலகப்போர்களில் உயிர்விட்டவர்கள். உயிரோடு திரும்பியவரை அங்கே தேடிப் பயனில்லை. லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் இந்திய ராணுவ அதிகாரிகளின் கோப்புகள் உண்டு. ஆனால் சிப்பாய்களின் காகிதங்கள் கடல் தாண்டவே இல்லை. அவை இங்கேயே, அந்தந்த ரெஜிமெண்டின் ரெக்கார்ட்ஸ் ஆபீஸில் தங்கிவிட்டன. நம் தாத்தாவுக்கு அது வீட்டிலிருந்து நடந்து போகும் தூரம்.

ஆனால் பட்டாளத்தில் அவருக்குக் கொடுத்த நம்பர் இல்லாமல் எதுவும் நடக்காது. தாத்தாவின் பெயர் ‘சாமி’ என்று முடியும். அதே பெயரில், அதே வட ஆற்காடு ஜில்லாவிலிருந்து எத்தனையோ பேர் சேர்ந்திருப்பார்கள். அந்த ‘சாமி’யை அன்றைய குமாஸ்தாக்கள் ஆங்கிலத்தில் ஆளுக்கு ஒரு விதமாக எழுதினார்கள். இனிஷியல் இருக்காது, அப்பா பெயர் தனிக் கட்டத்தில் இருக்கும்.

நம்பர் கிடைத்தது மர்பி டவுனில், பெரியம்மா வீட்டு டிரங்குப் பெட்டியில். பட்டுப்புடவைகளுக்கு அடியில், பழைய வேட்டித் துணியில் சுற்றி, நாலாக மடித்த டிஸ்சார்ஜ் காகிதம். மடிப்பில் நூல் நூலாகக் கிழிந்திருந்ததால் மேஜைமேல் வைத்துத்தான் பிரித்தேன். நம்பர், சேப்பர் என்ற பதவி, அப்பா பெயர், குடியாத்தம் தாலுகா, உயரம். கடைசியில் அங்க அடையாளம்: இடது புருவத்தின் மேல் தழும்பு. நான் படித்துச் சொன்னதும் பெரியம்மா தன் புருவத்தைத் தொட்டுக் காட்டி, "ஆமாண்டா, இங்கதான் இருக்கும்" என்றார்.

அதே துணியில் ஒரு ஊக்குப் பட்டையும் இருந்தது. மெடல்கள் எப்போதோ போய்விட்டன, ரிப்பன்கள் மட்டும் மிச்சம். மூன்று ரிப்பன். ஒன்றில் கருநீலம், சிவப்பு, வெளிர்நீலம் சம அகலத்தில். அது 1939-45 ஸ்டார். கடைசியில் சிவப்பு, நீலம், வெள்ளைக் கோடுகள். அது வார் மெடல். நடுவில் இருந்ததைத்தான் ஜன்னல் வெளிச்சத்தில் வெகுநேரம் பார்த்தேன். பர்மா ஸ்டாராக இருந்தால் நடுவே சிவப்பு, இருபுறமும் கருநீலம், நீலத்துக்குள் ஆரஞ்சுக் கோடு இருக்க வேண்டும். இதில் நடுவே பச்சை, இரு பக்கமும் வெள்ளை, ஓரங்களில் சிவப்பு. இத்தாலிக் கொடியின் நிறங்கள். இது இத்தாலி ஸ்டார்.

பெரியம்மாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "காலைல எங்களை எழுப்பும்போது ‘போஞ்சோர்னோ’ன்னு சொல்வாருடா. பட்டாளத்து இந்துஸ்தானின்னு நினைச்சோம்" என்றார். நாற்பது வருஷம் அந்த வீட்டில் இத்தாலிய மொழியில் காலை வணக்கம் கேட்டிருக்கிறது.

இல்லாத ரிப்பனும் ஒரு தகவல்தான். ஆப்பிரிக்கா ஸ்டார் அவரிடம் இல்லை. வட ஆப்பிரிக்காவில் 1943 மே 12 வரை பணியாற்றியவர்களுக்கு அது உண்டு. ஆகவே அவர் அதற்குப் பிறகுதான் அந்தப் பக்கம் போயிருக்க வேண்டும்.

சரி, நம்பரோடு டிஸ்சார்ஜ் நகல், இறப்புச் சான்றிதழ், அம்மாவின் உறவுச் சான்று எல்லாம் வைத்து விண்ணப்பம் கொடுத்தேன். ஐந்து வாரத்தில் பதில் வந்தது. பென்ஷன் இல்லாமல் விலகியவர்களின் சர்வீஸ் காகிதங்களை 25 வருஷம்தான் வைத்திருப்பார்கள், அப்புறம் அழிப்பது விதி. தாத்தா நாலு வருஷம்தான் இருந்தார், பென்ஷனுக்கு 15 வருஷம் வேண்டும். மனசு கனத்துப் போனது. ஆனால் ‘லாங் ரோல்’ என்ற பெரிய பதிவேட்டை அழிப்பதில்லை. அதில் அவர் வரி இருந்தது: சேர்ந்தது 1942, விலகியது 1946, 12-ஆம் பீல்டு கம்பெனி.

அந்தக் கம்பெனி நான்காம் இந்திய டிவிஷனைச் சேர்ந்தது. 1944 பிப்ரவரி, மார்ச்சில் அந்த டிவிஷன் இத்தாலியின் மொண்டே கசினோ மலைப் பகுதியில் சண்டையில் இருந்தது. கழுதைத் தடமாக இருந்த மலைப்பாதையை டாங்க் ஏறும் அளவுக்கு அகலமாக்கியதில் அதன் சேப்பர்களுக்கும் நியூசிலாந்து சேப்பர்களுக்கும் பங்கு உண்டு. அதுதான் கேவண்டிஷ் ரோடு. மார்ச் 19 அன்று அதில் டாங்குகள் ஏறின. அதே டிவிஷனின் 11-ஆம் பீல்டு பார்க் கம்பெனிக்காரர்தான் சுபேதார் சுப்ரமணியன். கூட இருந்தவர்களைக் காப்பாற்றக் கண்ணிவெடிமேல் விழுந்து உயிர்விட்டு, ஜார்ஜ் கிராஸ் என்ற உயரிய பிரிட்டிஷ் வீர விருது பெற்றவர்.

தாத்தா கையில் அன்று மண்வெட்டி இருந்ததா, கண்ணிவெடி தேடும் கருவி இருந்ததா? கம்பெனியின் போர் நாட்குறிப்பில் சேப்பர்கள் பெயர் வராது, அதிகாரிகள் பெயர்தான் வரும். ஆனால் இடம், தேதி, நேரம், செய்த வேலை என்று நாள்வாரியாக இருக்கும். இத்தாலியில் இருந்த யூனிட்களின் குறிப்புகள் லண்டனில் கியூ என்ற இடத்தில் இருக்கும் தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ளன. லண்டனில் படிக்கும் என் தம்பி மகள் அடுத்த மாதம் போய்ப் படம் எடுத்து அனுப்புகிறேன் என்றிருக்கிறாள். 1944 முழுவதும் வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். பெரியம்மா கேட்டது ஒன்றே ஒன்று: அங்கே எந்தத் தேதியில் பனி பெய்தது என்று பார்க்கச் சொல்லு, அவர் பனியைப் பற்றி மட்டும் பேசுவார்.