தடுப்பில் இருந்து வந்தவருக்குக் கடதாசி சேர்ப்பது: எங்கே இழுபடும், எதை விடக்கூடாது

"வழக்கு இலக்கத்தைச் சொல்லுங்கோ." இலங்கையில் தடுப்புக்காவலில் இருந்து வீடு வந்தவருக்காக எந்தக் கந்தோருக்குப் போனாலும் முதல் கேள்வி இதுதான். வழக்கே போடவில்லை என்றால், "அப்ப விடுதலைத் தீர்ப்பைக் கொண்டு வாங்கோ" என்பார்கள். குற்றம் சாட்டாமலே வைத்திருந்தவருக்கு எந்த நீதிமன்றம் தீர்ப்பு எழுதும்? இதை விளங்கப்படுத்தி விளங்கப்படுத்தியே தொண்டை வற்றிவிட்டது. இனிப் போகிறவர்களாவது கையில் சரியான கடதாசியோடு போங்கள்.

உங்கள் ஆள் எந்தச் சட்டத்தின் கீழ் இருந்தார் என்பதை முதலில் தெளிவாக்குங்கள். பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் 9ஆம் பிரிவு என்றால் அமைச்சர் ஒப்பமிட்ட தடுப்புக் கட்டளை இருக்கும். அது மும்மூன்று மாதமாக நீளும். உச்சம் 18 மாதமாக இருந்தது, 2022 திருத்தத்துக்குப் பிறகு 12. அந்தக் கட்டளையின் பிரதிதான் உங்களுக்கு "வழக்கு இலக்கம்". 2009இல் போர் முடியப் படையினரிடம் சரணடைந்து பூந்தோட்டம், வெலிக்கந்தை, கந்தக்காடு என்று புனர்வாழ்வுக்குப் போனவர்கள் வேறு. அவர்களை வைத்திருந்தது அவசரகால விதிகளின் கீழ். முதலில் ஒரு வருடம் வரை, பிறகு நீடிப்பு. அவர்களுக்குத் தடுப்புக் கட்டளை கேட்டுப் போனால் வராது. புனர்வாழ்வு முடித்த சான்றிதழ்தான் அவர்களின் ஆதாரம். இந்த வித்தியாசம் கவுண்டரில் இருப்பவருக்கே பல இடங்களில் தெரியவில்லை. ஒரு தாளில் இரண்டு வரியாக எழுதிக்கொண்டு போய் நீட்டுங்கள், வாக்குவாதம் மிச்சம்.

புனர்வாழ்வுச் சான்றிதழோ விடுவிப்புச் சான்றோ கைக்கு வந்ததும், வாசலை விட்டு வெளிக்கிட முதலே பெயரை எழுத்தெழுத்தாகப் பாருங்கள். பிறப்புச் சான்றிதழில் தமிழ், அடையாள அட்டையில் இன்னொரு எழுத்துக்கூட்டல், தடுப்புப் பைலில் சிங்களத்தில் காதால் கேட்டு எழுதியது என்று மூன்று பெயர் ஓடும். தகப்பன் பெயர் முன்னுக்கா பின்னுக்கா என்பதிலும் குழப்பம் வரும். அங்கேயே திருத்தினால் அரை மணித்தியாலத்து வேலை. ஊருக்கு வந்த பிறகு என்றால் "இரு பெயரும் ஒருவரே" என்று சமாதான நீதவானிடம் சத்தியக்கடதாசி முடித்து, அதையும் எல்லா இடத்துக்கும் காவித் திரிய வேண்டும்.

லமினேட் பண்ணாதீர்கள். பாதுகாப்பு என்று நினைத்துச் செய்வதுதான், ஆனால் வெளிநாட்டுத் தேவைக்கு உறுதிப்படுத்தும்போது பின்பக்கத்தில் முத்திரை குத்த இடமில்லாமல் போய்விடும். பிளாஸ்ரிக் உறை போதும்.

ஐ.சி.ஆர்.சி. (சர்வதேச செஞ்சிலுவைக் குழு) சிறையிலோ ரி.ஐ.டி.யிலோ (பொலிசின் பயங்கரவாத விசாரணைப் பிரிவு) போய்ப் பார்த்துப் பதிந்தவர் என்றால் அவர்களிடம் தடுப்புச் சான்று கேட்கலாம். காசு இல்லை. ஆனால் தாங்கள் பார்த்ததை மட்டுமே எழுதுவார்கள்: பெயர், இடம், சந்தித்த திகதி. ஏன் பிடித்தார்கள் என்று ஒரு சொல்லும் இராது. பிடித்தது தை மாதம், அவர்கள் முதலில் பார்த்தது சித்திரை என்றால் சான்று சித்திரையில்தான் தொடங்கும். விசா நேர்முகத்தில் "மூன்று மாதம் எங்கே போனது?" என்று மடக்குவது இந்த இடத்தில்தான். இன்னொன்று, 2009 யூலைக்குப் பிறகு சரணடைந்தோர் நிலையங்களுக்குப் போக ஐ.சி.ஆர்.சி.க்கு அனுமதி இருக்கவில்லை. அந்த நிலையங்களில் மட்டும் இருந்தவருக்கு இந்தச் சான்றைத் தேடி அலைவது வீண்.

பிடித்த நாளுக்கும் ஐ.சி.ஆர்.சி. பார்த்த நாளுக்கும் நடுவில் உள்ள இடைவெளியை மூடுவது மனித உரிமைகள் ஆணைக்குழுவில் கொடுத்த முறைப்பாடு. பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் ஒருவரைப் பிடித்தால் 48 மணித்தியாலத்துக்குள் ஆணைக்குழுவுக்கு அறிவிக்க வேண்டும் என்பது சட்டம். அறிவித்தார்களோ இல்லையோ, வீட்டார் கொடுத்த முறைப்பாட்டின் இலக்கமும் திகதியும் அங்கே பதிவில் இருக்கும். துண்டு தொலைந்திருந்தாலும் பெயரையும் பிடித்த மாதத்தையும் எழுதிக் கொடுத்துப் பிரதி கேளுங்கள். இப்போது ஒருவரைப் பிடித்திருந்தால் இது இன்னும் அவசரம். உச்ச நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனுப் போட ஒரு மாதம்தான் தவணை. அந்த மாதத்துக்குள் ஆணைக்குழுவுக்கு முறையிட்டால் அவர்கள் விசாரிக்கும் காலம் தவணையில் சேராது. எத்தனையோ குடும்பம் இது தெரியாமல் தவணையை விட்டிருக்கிறது.

விதானையாரின் (கிராம அலுவலர்) வதிவிடக் கடிதம், புது அடையாள அட்டை எல்லாம் வழமைபோலத்தான். பழைய அட்டை பிடிபட்டபோது போனதென்றால் பொலிசில் முறைப்பாடு போட்டு அந்தப் பிரதியையும் வைக்க வேண்டும்.

பொலிஸ், புலனாய்வு என்று வீட்டுக்கு விசாரிக்க வருகிறவர்கள் தனிக் கதை. ஒருவரை விடும்போது, புது ஆதாரம் இல்லாமல் திரும்பப் பிடிக்காதபடி விடுவிப்புச் சான்று கொடுக்க வேண்டும் என்று போருக்குப் பிறகு அரசு அமைத்த நல்லிணக்க ஆணைக்குழு 2010இலேயே இடைக்காலப் பரிந்துரையில் சொன்னது. சான்று கையில் இருந்தும் வருகிறார்கள். வந்தால் மூலப்பிரதியைக் கொடுக்காதீர்கள். போட்டோக்கொப்பி மட்டும், அதிலும் குறுக்கே திகதியும் "விசாரணைக்குக் கொடுத்தது" என்றும் எழுதி. ரெலிபோனில் வரச்சொன்னால் எழுத்தில் கேளுங்கள். வந்தவர் பெயர், பதவி, எந்த இடம், வாகன இலக்கம் எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் அன்றன்றே பதியுங்கள். பிறகு மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு முறையிடும்போது அந்தக் கொப்பி பேசும்.

பொலிஸ் நற்சான்றுக்கு விண்ணப்பிக்கும்போது எந்தெந்தக் காலம் எங்கே இருந்தீர்கள் என்று கேட்பார்கள். தடுப்பில் இருந்த வருடங்களை வெறுமையாக விடவும் வேண்டாம், அந்தக் காலத்துக்கு வீட்டு விலாசத்தைப் போடவும் வேண்டாம். பைல் திரும்பி வருவது அந்தக் கட்டத்தால்தான். நிலையத்தின் பெயரை எழுதி, சான்றிதழ் பிரதியைப் பின்னால் குத்தி, உங்களுக்கும் ஒரு முழுப் பிரதி எடுத்து வைத்துவிட்டுக் கொடுங்கள்.